தன்பாட்டில் கண்ணை மூடும் கண்ணாடி

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு மருந்துக்கடை வாசலில். கிடைத்தது என்றால் இரண்டே இரண்டு வரி. தபாற்கந்தோருக்குக் கிட்ட உள்ள கடையில் பிரஷர் குளிசைக்காக நின்றுகொண்டிருந்தேன். வெளியே ஒரு வெள்ளைக் கார், சாரதிப் பக்கக் கதவு திறந்தபடி. உள்ளிருந்து ஓர் ஆண்குரல், வெளியிலிருந்து ஒரு பெண்குரல்.

"அது தன்ர பாட்டில கண்ணை மூடுது."

"அப்ப நீங்களும் கொஞ்சம் மூடுங்கோவன்."

நான் மிச்சக் காசை வாங்கித் திரும்புவதற்குள் கார் போய்விட்டது. முகங்களைப் பார்க்கவில்லை. அதனால் நட்டமில்லை. முகத்தைப் பார்த்துக் கதை எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்குக் காதால்தான் வரும். யாராவது இரண்டு பேர் கதைக்கத் தொடங்கிவிட்டால் வீடு, வேலை, வயது, வாகனம் எல்லாம் அவர்கள் பின்னால் வந்து ஒவ்வொன்றாகச் சேர்ந்துவிடும். ஆகவே, வாசிக்கிறவரே, கீழே வருகிறவற்றில் அந்த இரண்டு வரி மட்டுமே உண்மை. மிச்சத்துக்கு நான் பொறுப்பு. எங்காவது பிழைத்திருந்தால் குளிசையின் மேல் பழியைப் போட்டுவிடலாம்.

2

முதல் தொடக்கம்: "திருகோணமலைத் துறைமுகத்தின் நீலப் பரப்பின்மீது மாலைச் சூரியன் தன் பொற்கரங்களை நீட்டி—"

இல்லை. சூரியனுக்குக் கைகால் வைத்து எழுதுகிற வயதை நான் எப்போதோ தாண்டிவிட்டேன்.

இரண்டாவது: "ஆனந்தராசா கண்டிப்பான கணவர்." இதை எழுதி முற்றுப்புள்ளி வைப்பதற்குள் அவர் என் காதுக்குள் கேட்டுவிட்டார்: "ஆர் உங்களுக்குச் சொன்னது?" கேள்வி நியாயமானது. கண்டிப்பான மனிதர் எவரும் மனைவியை ஸ்கூட்டரில் பின்னால் வரவிட்டு, முன்னால் முப்பது கிலோமீற்றர் வேகத்தில் கார் ஓட்டமாட்டார்.

மூன்றாவதோடு போவோம்.

ஆனந்தராசா துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் இழுவைப் படகு ஓட்டியவர். பென்னம்பெரிய கப்பலுக்குக் கயிறு போட்டு இழுத்துவருமே, சின்னதாய், மூச்சு வாங்கிக்கொண்டு, அந்தப் படகு. மற்ற ஓட்டிகள் முன்னால் பார்த்து ஓட்டினால் போதும். இழுவைப் படகுக்காரருக்கு ஒரு கண் பாதையில் என்றால் மறுகண் முதுகுக்குப் பின்னால், கயிற்றில். கயிறு அளவுக்கு மிஞ்சி இறுகினால் அறும். தொய்ந்தால் இழுபடுகிறது இழுக்கிறதன் மேல் ஏறிவிடும். ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. ஜப்பானில் யாரோ ஓட்டிக் கழித்த கார் ஒன்றை வாங்கினார். அதையும் அப்படியே ஓட்டினார்: பாதி முன்னால் பார்த்து, பாதி பின்னால் பார்த்து.

மனைவி குணேஸ்வரிக்கு ஐம்பத்தாறு வயது. கிண்ணியாவில் மருத்துவமாது. ஒழுங்கை ஒழுங்கையாக ஸ்கூட்டரில் போய்ப் பிள்ளைத்தாச்சிகளைப் பார்க்கிற வேலை. இன்னும் நாலு வருட சேவை இருக்கிறது. வீடு கிண்ணியாப் பாலம் தாண்டி இருபது கிலோமீற்றர் தூரத்தில், திருகோணமலை உவர்மலையில். வேலை முடிந்து கிளம்பும்போது பொழுது சாயத் தொடங்கிவிடும். கார் வந்த நாளிலிருந்து ஆனந்தராசா பாலத்தின் கிண்ணியாப் பக்கத்தில் போய் நிற்கத் தொடங்கினார். காரில் வாரும் என்றார். ஸ்கூட்டரை மடித்துக் கைப்பைக்குள் வைக்கவோ என்று குணேஸ்வரி கேட்டார். அப்படியென்றால் தான் காரில் பின்னால் வருவதாக ஆனந்தராசா சொன்னார். கள்ளனைப் பிடித்துக்கொண்டு போகிற பொலிஸ் மாதிரி இருக்கும் என்று குணேஸ்வரி மறுத்தார். கடைசியில் மனிதர் முன்னால், மனைவி பின்னால் என்று முடிந்தது. பாலத்தில் தூண்டில் போடுகிறவர்களுக்கு அது நல்ல பொழுதுபோக்கு. அண்ணை மனிசியைக் கயிறு போட்டு இழுத்துக்கொண்டு போகிறார் என்றார்கள். ஆனந்தராசாவுக்கு அது பகிடியாகப் படவில்லை. சரியான விளக்கமாகத்தான் பட்டது.

(பக்கக் கண்ணாடிகள் இரண்டு இருக்கின்றனவே என்பீர்கள். நானும் கேட்டேன். அவை முந்த வருகிறவர்களைப் பார்ப்பதற்காம். இழுத்து வருவதைப் பார்க்க சாரதியின் தலைக்கு நேரே தொங்குகிற நடுக்கண்ணாடிதான் சரியாம். நான் எதிர்த்துக் கதைக்கவில்லை. நான் படகு ஓட்டியவளல்ல.)

3

கார் நல்ல கார். ஒரேயொரு குணம் அதற்கு. பொழுதுபட்டு, குணேஸ்வரி ஸ்கூட்டர் விளக்கைப் போட்டதும் நடுக்கண்ணாடி மெல்லமெல்லப் பாசி பிடித்த கிணற்று நீர் மாதிரிக் கறுத்துவிடும். பின்னால் வரும் வெளிச்சம் ஓட்டுகிறவரின் கண்ணைக் கூசவைக்கக் கூடாதென்று யாரோ கரிசனையோடு செய்துவைத்த ஏற்பாடு. ஒரு நிமிடத்துக்கு முன்புவரை ஹெல்மெட்டும் வெள்ளைச் சீருடையுமாக முழுசாகத் தெரிந்த மனைவி, கடலைப்பருப்பு அளவு வெளிச்சமாகச் சுருங்கிப்போவார். ஆனந்தராசா பதறி பிரேக் போடுவார். ஒருமுறை குணேஸ்வரி காரின் பின்புறத்தில் மோதாமல் தப்பியது அரும்பொட்டு.

காரோடு வந்த கைநூல் முழுக்க ஜப்பானிய எழுத்து. படங்களைப் பார்த்து அவர் விளங்கிக்கொண்டது, குழந்தையைப் பின் இருக்கையில் கட்டவேண்டும் என்பது மட்டும்தான். காரைக் கொண்டுபோய் எவரிடமும் காட்டவும் மனம் இல்லை. முப்பத்தொரு வருடம் தன் படகின் கோளாறைத் தானே பார்த்தவருக்கு ஒரு கண்ணாடிக்காக மெக்கானிக்கிடம் போவது மரியாதைக் குறைவு.

ஆகவே பிரச்சினையை மறுமுனையில் இருந்து தீர்க்கப் பார்த்தார்.

"நீர் எனக்குத் தெரியாட்டி நீர் ஓடக்கூடாது," என்றார்.

சொன்னதோடு நிற்கவில்லை. ஐம்பத்தைந்து தாண்டிவிட்டதால் இப்போதே பென்சன் எடுக்கலாம் என்று விசாரித்து, அதற்கான கடிதத்தையும் தட்டச்சு செய்வித்து, காரின் இடப்பக்கப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். கையெழுத்து ஒன்றுதான் குறை. வருகிற போயாவுக்குள், அதாவது பௌர்ணமி விடுமுறைக்குள், கண்ணாடி கண்ணை மூடாமல் இருக்கப் பழகவேண்டும். இல்லாவிட்டால் குணேஸ்வரி கையெழுத்து வைக்கவேண்டும். இதுதான் ஒப்பந்தம்.

குணேஸ்வரி ஏன் ஒத்துக்கொண்டார்? இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்தி அவரிடமே கேட்டேன். மனிதர் மறந்துபோவார் என்று நினைத்தாராம். மறக்கவில்லை. அந்த வேளையில் குணேஸ்வரியின் கொப்பியில் பதினேழு பிள்ளைத்தாச்சிகள் இருந்தார்கள். அதில் றுக்கியா என்பவருக்கு இது மூன்றாவது பிள்ளை. குணேஸ்வரி மிஸ் பக்கத்தில் வராமல் ஆஸ்பத்திரி வாசற்படி மிதிக்கமாட்டேன் என்று இப்போதே சொல்லிவைத்திருந்தார். பதினேழு பேரையும் புதிதாக வருகிற ஒருத்தியிடம் கொடுத்துவிட்டு, பகல் முழுக்க உவர்மலையில் இருந்து ஆனந்தராசாவின் கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருப்பதா என்று குணேஸ்வரி என்னைத் திருப்பிக் கேட்டார். நான் எழுதப் போய்விட்டேன்.

ஆனந்தராசா யோசித்தார். வெளிச்சத்தைக் கண்டு மூடுகிறதென்றால் அதற்கு எங்கோ கண் இருக்கவேண்டும். தடவிப் பார்த்தார். இருந்தது: கண்ணாடியின் முதுகில், முன் கண்ணாடியைப் பார்த்தபடி, மிளகளவில் ஒரு துளை. மூடவேண்டியது அதைத்தான் என்று முடிவுகட்டி, குளியலறைக்குப் போய், அங்கே கண்ணாடியில் வரிசையாக ஒட்டியிருந்த மனைவியின் ஒட்டுப்பொட்டுகளில் நல்ல அகலமான ஒன்றை உரித்துவந்து அந்தத் துளையின் மேல் ஒட்டினார்.

(அங்கேதான் பிழைத்தது. முதுகில் இருந்த கண், வெளியே பகலா இரவா என்று பார்க்கிற கண். பின்னால் வரும் வெளிச்சத்தைப் பார்க்கிற கண் வேறு. அது கண்ணாடியின் முகத்திலேயே, ஓர் ஓரத்தில் இருந்தது. முதுகுக் கண்ணைப் பொத்தியதும் கண்ணாடி, உலகம் முழுக்க இருட்டிவிட்டது என்று நம்பிவிட்டது. பிறகு பட்டப்பகலில் பின்னால் வெயில் பட்டாலும் கறுக்கத் தொடங்கியது.)

மறுநாள் காலை மருந்துக்கடைக்கு வந்தார்கள். நான் குளிசைக்கு நின்றது அப்போதுதான். நான் கேட்ட இரண்டு வரிக்குப் பிறகு குணேஸ்வரி குனிந்து கண்ணாடியின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்திருக்கவேண்டும்.

"அது என்ர பொட்டெல்லோ?"

ஆனந்தராசா காரை எடுத்தார்.

4

போயாவுக்கு இரண்டு நாள் இருக்கையில், கார் வீட்டு முற்றத்தில் நின்றபோது, குணேஸ்வரி சாரதி இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். பொட்டை உரித்தார். கண்ணாடியின் அடிவிளிம்பில் விரலை வைத்தார். அங்கே ஒரு சின்னப் பொத்தான். பக்கத்தில் ஊசிமுனையளவு பச்சை விளக்கு. அழுத்தினார். பச்சை அணைந்தது. கணவரைக் கூப்பிட்டு, பின்னால் நின்று டோர்ச் அடித்தும் காட்டினார். கண்ணாடி இமைக்கவில்லை.

"இவ்வளவுதானோ?" என்றார் ஆனந்தராசா. சந்தோஷமும் ஏமாற்றமும் சரிக்குச் சரி.

எழுதியதைத் திரும்ப வாசித்தபோது எனக்கு ஒரு சந்தேகம். குணேஸ்வரியின் விரல் தேடவில்லை. நேரே போனது. கார் வந்து அப்போது மூன்று கிழமை.

"நீங்கள் அந்தச் சுவிச்சை முதல் நாளே கண்டிட்டியளோ?" என்று கேட்டேன்.

"ஆர் உங்களுக்குச் சொன்னது?"

முப்பது வருடம் சேர்ந்து வாழ்ந்தால் இரண்டு பேருக்கும் ஒரே வசனம் வருவது இயல்பு. நான் பேனாவை மூடிவைத்துவிட்டுக் காத்திருந்தேன். அவரே சொன்னார்.

"அது மூடியிருந்த நேரம் ஆரும் என்னைப் பாக்கேல்லை. மூண்டு கிழமை நல்லா வந்தனான்."

(இந்த வரியை எடுத்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். கதை பகிடியாகப் போய்க்கொண்டிருக்கிறது. நடுவில் இப்படி ஒரு வரி வந்து உட்கார்ந்தால் எழுப்ப ஏலாது. இருக்கட்டும்.)

5

போயாவுக்கு முதல் நாள் மாலை. வழக்கம்போல் ஆனந்தராசா பாலத்தடியில் நின்றார். குணேஸ்வரி வந்து ஹோர்ன் அடித்தார். கார் கிளம்பியது. இனி நடப்பதை ஆனந்தராசா அறியமாட்டார். நீங்கள் அறிந்திருப்பது நல்லது.

பாலத்தில் ஏறிய கையோடு குணேஸ்வரியின் போன் அடித்தது. ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்தி எடுத்தார். றுக்கியாவின் கணவர் மஹ்ரூப். வயிற்றுக் குத்துத் தொடங்கிவிட்டது, மிஸ் இல்லாமல் அசையமாட்டேன் என்கிறா என்றார். குணேஸ்வரி கணவருக்கு மூன்று முறை எடுத்துப் பார்த்தார். ஓட்டும்போது போனைத் தொடுவதில்லை என்பது ஆனந்தராசாவின் படகுக் காலத்துச் சட்டம். அந்த நேரம் பார்த்து றம்ஸானின் ஓட்டோ வந்தது. றம்ஸானின் இரண்டு பிள்ளைகளுக்கும் மருத்துவமாது குணேஸ்வரிதான். முன்னால் ஒரு வெள்ளைக் கார் போகிறது, பிடிப்பது கஷ்டமில்லை, முப்பதில்தான் போகும், நான் பிந்தி வருவேன் என்று ஐயாவிடம் சொல்லிவிடு என்று அனுப்பிவிட்டு, ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

ஓட்டோவுக்கும் நெற்றியில் ஒற்றை விளக்குத்தான்.

றம்ஸான் காரைப் பிடித்துவிட்டார். விளக்கை அணைத்து அணைத்துக் காட்டினார். ஹோர்ன் அடித்தார். பாலத்து நெரிசலில் தவறவிட்ட வெளிச்சம் திரும்ப வந்துவிட்டதென்று ஆனந்தராசா கண்ணாடியில் பார்த்தார். திறந்த கண்ணாடி, உள்ளே வெளிச்சம் ததும்பிக்கொண்டிருந்தது. ஹெல்மெட் தெரியவில்லை, சீருடை தெரியவில்லை, வெளிச்சம் மட்டும் வடிவாகத் தெரிந்தது. அவருக்கு அது போதுமாயிருந்தது. றம்ஸான் முந்தப் பார்த்தபோதெல்லாம், இந்த வயதில் இவவுக்கு என்ன விளையாட்டு என்று காரை நடுத்தெருவுக்கு எடுத்தார். ஹோர்ன் கூடக்கூட, பாடம் படிப்பிக்கவேண்டும் என்று முப்பதை இருபத்தைந்தாகக் குறைத்தார்.

பிறகு, பின்னால் எல்லாம் ஒழுங்காக வருகிறது என்ற நிம்மதியில், அந்த வெளிச்சத்தோடு கதைக்கத் தொடங்கினார். எனக்கு இதை எழுதுவது கஷ்டம். இரண்டு பேர் கதைத்தால் எனக்குக் கேட்கும். ஒருவர் மட்டும் கதைத்தால் அடுத்தவர் எங்கே என்று தேடுவேன்.

மீன் விலை பற்றிச் சொன்னார். கூரையில் ஓடு மாற்றவேண்டும் என்றார். சீனக்குடாவைத் தாண்டும்போது ஒரு பக்கத்தில் தண்ணீரும் அதில் நங்கூரமிட்ட ஒரு கப்பலின் விளக்குகளும் தெரிந்தன. பிறகு கண்ணாடியைப் பார்த்தே சொன்னார்.

"ரிட்டயர் பண்ணின நாளில இருந்து எனக்குப் பின்னால ஒண்டும் வரேல்லை, குணம். முப்பத்தொரு வருசம் ஏதோ ஒண்டு வந்துகொண்டேயிருந்தது. இப்ப திரும்பிப் பாத்தா வீட்டுச் சுவர். உமக்கு வழி காட்டுறன் எண்டு ஊருக்குச் சொல்லுறன். வழி உமக்குத் தெரியும்."

பின்னால் வெளிச்சம் இரண்டு தரம் அணைந்து எரிந்தது.

"ஓம், ஓம்," என்றார் ஆனந்தராசா. "விளங்குது."

உவர்மலையில் வீட்டு வாசலில் நிறுத்தி இறங்கி, திரும்பாமலே கேற்றைத் திறந்தபடி, "பாத்தீரே, இதுதான் கண்ணாடி," என்றார்.

"ஐயா," என்றது பின்னாலிருந்து ஓர் ஆண்குரல். "மிஸ் வரல்ல."

6

றம்ஸான் விசயத்தைச் சொன்னார். ஐயா காரைத் திருப்பிக்கொண்டு வரப்படாது, வந்தால் வழியில் ஆளுக்காள் மாறிப்போய்விடும் என்று மிஸ் கண்டிப்பாகச் சொன்னதையும் சொன்னார். தான் கிண்ணியாவுக்குத்தான் திரும்புகிறேன், ஏதும் அவசரமென்றால் எடுங்கள் என்று தன் நம்பரையும் சொன்னார். ஆனந்தராசா இடப்பக்கப் பெட்டிக்குள் கைவிட்டு, கிடைத்த தாளின் பின்பக்கத்தில் அதைக் குறித்துக்கொண்டார்.

(அந்தப் பெட்டிக்குள் இருந்தது ஒரேயொரு தாள். பின்பக்கத்தில் ஓட்டோக்கார நம்பர் எழுதிய பென்சன் கடிதத்தை எந்தக் கந்தோரும் வாங்காது. அது எந்தத் தாள் என்று பார்த்துத்தான் எழுதினாரா? எழுதிய எனக்கே தெரியாது.)

எட்டேகால் மணிக்குக் குணேஸ்வரி வந்தார். முன்னால் காரில்லாமல், தனியே. அவரைக் கண்டதும் ஆனந்தராசா சொன்ன முதல் வசனத்துக்கு என்னிடம் மூன்று பிரதிகள் இருக்கின்றன.

முதலாவது: "காணும். கையெழுத்தை வையும்." கோபத்துக்குப் பொருந்தும். ஆனால் இருபது கிலோமீற்றர் தூரம் ஓர் ஓட்டோவை மனைவி என்று நம்பி இழுத்துவந்த மனிதருக்கு அந்தளவு குரல் எழும்புமா?

இரண்டாவது: ஒன்றும் சொல்லவில்லை, மௌனம். இதை எழுதினால் நன்றாயிருக்கிறது என்பீர்கள். நாலு வரி யோசிக்கப் பஞ்சிப்பட்டு, சோம்பலில் எழுதுகிறவர்கள் ஓட்டையை அடைக்கப் போடுகிற துண்டு அது. என் ஆட்களை நான் அப்படித் தப்பவிடமாட்டேன்.

மூன்றாவது:

"பிறந்திட்டுதோ?"

குணேஸ்வரி ஹெல்மெட்டைக் கழற்றினார். "இல்லை, விடியத்தான். வாட்டில விட்டிட்டு வந்தனான்." அதை ஸ்கூட்டரில் கொழுவிவிட்டு, "தனிய வந்தனான்," என்றார்.

"கண்டனான்."

"எப்பிடி?"

"ஏத்தத்தில லைற் தெரிஞ்சது. கேற்றடியில நிண்டனான்."

அவர் நின்றது உண்மை. றம்ஸான் போன நேரத்திலிருந்து நின்றார். முப்பத்து மூன்று வருடத்தில் முதன்முறையாக, ஒரு வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் வராமல் முகத்துக்கு நேரே வருவதைப் பார்த்துக்கொண்டு.

7

இங்கே முடித்திருக்கலாம். முடிக்கச் சொல்லி எனக்குள்ளேயே ஒரு குரல் கேட்டது. ஆனால் நம்பர் எழுதிய கடிதம் திரும்பவும் பெட்டிக்குள் கிடக்கிறது. கண்ணாடி திறந்திருக்கிறது, ஒப்பந்தத்தில் குணேஸ்வரி வென்றுவிட்டார்; அதே கண்ணாடி ஒன்றையும் காட்டவில்லை என்பதும் இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது. இதைச் சொல்லியே ஆனந்தராசா நாளைக்கு வேறொரு கடிதம் தட்டச்சு செய்விக்கலாம். போயா விடுமுறை முழுக்க இரண்டு பேரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. எனக்கு அன்று எழுத ஒன்றும் கிடைக்கவில்லை.

அடுத்த மாலை. பாலத்தடி. றுக்கியாவுக்குப் பெண் குழந்தை என்று குணேஸ்வரி சொன்னார். ஆனந்தராசா தலையாட்டிவிட்டு, "இண்டைக்கு நீர் முன்னால போம்," என்றார்.

குணேஸ்வரி ஹெல்மெட் பட்டியை இறுக்கினார். போனார்.

இப்போது அவர் முன்னால், கார் பின்னால். முன்னால் ஓட்டுகிறவருக்கு நாற்பது வேகம் வருகிறது, நாற்பத்தைந்து வருகிறது. பின்னால் வருகிறவர் தொய்யவிடாமல் வருகிறார். காரின் விளக்குகள் முழுசாய் எரிகின்றன, மனைவி நன்றாகத் தெரியவேண்டும் என்று. சீனக்குடாவில் குணேஸ்வரி ஸ்கூட்டரை ஓரங்கட்டினார். கார் அவருக்குப் பின்னால் நின்றது. இறங்கி நடந்துவந்தார், ஒரு கையால் கண்ணை மறைத்துக்கொண்டு.

"லைற்றைக் குறையுங்கோ," என்றார். "என்ர ஸ்கூட்டர் கண்ணாடிக்குக் கண் மூடத் தெரியாது."

ஆனந்தராசா விளக்கைக் குறைத்தார்.

"முன்னுக்கு வந்தாலும் இதுதான், பின்னுக்கு வந்தாலும் இதுதான்," என்றார் குணேஸ்வரி, கார் யன்னலில் கையை ஊன்றி. கோபமில்லை. கொஞ்சம் சிரிப்புக்கூட இருந்தது. "எனக்கு ஒண்டு சொல்லுங்கோ. என்னத்தை இப்பிடிப் பாக்கிறியள்?"

அந்த நேரம் மூதூர்ப் பக்கமிருந்து வந்த பஸ் ஒன்று, தெருவைப் பாதி மறித்து நிற்கிற கார் விலகட்டும் என்று பின்னால் வந்து முழு வெளிச்சத்தோடு நின்றது. பொத்தான் அணைந்தபடியே இருந்ததால், நடுக்கண்ணாடி அந்த வெளிச்சத்தைக் கொஞ்சமும் குறைக்காமல் அப்படியே வாங்கி ஆனந்தராசாவின் முகத்தில் போட்டது. அவர் கை பொத்தானை நோக்கிப் போனது. பாதியில் நின்றது.

குணேஸ்வரிக்கு இப்போது அவர் முகம் முழுக்கத் தெரிகிறது.

"என்னப்பா?" என்றார், முன்பைவிட மெதுவாக.

வாசிக்கிறவரே, நான் இந்த இடத்தில் எழும்புகிறேன். பதில் என்னிடம் இல்லை, உங்களிடம்தான் இருக்கிறது. ஐந்தாம் பகுதியில், தனக்குப் பின்னால் ஒன்றும் வரவில்லை என்று அவர் ஓர் ஓட்டோ விளக்குக்குச் சொன்னது, இன்னும் உரிய ஆளிடம் சேராமல் கிடக்கிறது. எடுத்து அவர் வாயில் வைப்பதானால் வையுங்கள். வேண்டாம், மனிதர் வெட்கப்படுவார் என்று தோன்றினால் அந்தக் கையைப் பொத்தான்வரை கொண்டுபோய் விடுங்கள். முகம் இருட்டிவிடும், இரண்டு பேரும் வீட்டுக்குப் போய்விடலாம். எதுவானாலும் கெதியாகச் செய்யுங்கள். பஸ்காரன் ஹோர்னில் கை வைத்துவிட்டான்.